ஒன்றரை ஸ்டார் படம்

கண்ணாடி தூக்குகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கையில் கண்ணாடி இருக்கும்போது சிரிக்கக் கூடாது. தும்மலாம், இருமலாம், முதலாளியைத் திட்டலாம், வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் விட்டுவிட்டு அப்புறம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். சிரிப்பு மட்டும் ஆகாது. தும்மல் வருவதற்கு முன்னால் மூக்கு ஒரு தகவல் கொடுக்கும், நின்றுகொள்ள நேரம் இருக்கும். சிரிப்புக்கு அந்த மரியாதை கிடையாது. அது வயிற்றில் கிளம்பி, தோளுக்கு ஏறி, கைக்கு இறங்கி, ஆளுயரக் கண்ணாடியை ஆட்டிவிட்டுத்தான் ஓயும்.

இந்தச் சட்டத்தைப் பத்தொன்பது வருஷமாக மீறாத ஜோடி ஒன்று அந்தக் கண்ணாடிக் கடையில் இருந்தது. முன்னால் பிடிப்பவன் நெட்டை. பின்னால் பிடிப்பவன் ஸ்டார். நெட்டைக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்லத் தேவையில்லை. ஊரிலுள்ள பாதிக் கதவு நிலைகளுக்கு அவன் நெற்றியைத் தெரியும். ஸ்டாரின் கதை வேறு. பார்க்க நடிகன் மாதிரி இருப்பான் என்று நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே நின்றும் தன் முகத்தை ஒரு தடவைகூட ஆசையாகப் பார்க்காதவன் அவன். பார்த்துப் பயனில்லை என்று அவனுக்கே தெரியும். எந்தப் படமானாலும் விமர்சனம் படிக்காமல் டிக்கெட் எடுக்க மாட்டான். "எத்தனை ஸ்டார்?" என்பதுதான் முதல் கேள்வி. மூன்றுக்குக் குறைந்தால் அந்தப் படம் வெளிவரவே இல்லை என்று வைத்துக்கொள்வான். நாளடைவில் புது டீக்கடைக்கும், மச்சினிக்கு வந்த வரனுக்கும்கூட ஸ்டார் கேட்க ஆரம்பித்து, கடைசியில் பெயரே அதுவாகிப் போனது.

மாதம் ஒரு படம். கடைக்கு விடுமுறையான புதன்கிழமை, மதியக் காட்சி. ஸ்டார் தேர்ந்தெடுப்பான், நெட்டை வருவான். இந்தப் படம் வேண்டாம் என்று நெட்டை ஒருநாளும் சொன்னதில்லை. பாதிப் படங்களில் தூங்கியிருக்கிறான், அது வேறு விஷயம். நாலரை ஸ்டார் வாங்கிய ஒரு படத்தில், ஒரு கிழவர் இரண்டு மணி நேரம் மழையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், நெட்டை விட்ட குறட்டைக்கு முன் வரிசைக்காரர் எழுந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டார். படம் முடிந்து வெளியே வந்ததும் அந்த மழைக்கு என்ன அர்த்தம் என்று ஸ்டார் விளக்குவான். நெட்டை "ம்" கொட்டுவான். இதைவிடப் பொருத்தமான சிநேகிதம் உலகத்தில் இருக்க முடியாது என்பது ஸ்டாரின் அபிப்பிராயம்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பெயர் எதற்கு? பெயர் சொல்லித் திட்டியவர்கள் போதும். இரண்டு உதவாக்கரை நண்பர்கள். ஒரே ஒரு வேலை காலி. இருவரும் ஒரே ஆள் என்று சொல்லிச் சேர்ந்துவிடுகிறார்கள். ஒருநாள் இவன் போவான், மறுநாள் அவன் போவான், முதலாளிக்குக் கண் பார்வை மட்டம். கதை இவ்வளவுதான். பத்திரிகைகள் எல்லாம் பிடித்துப் பிழிந்துவிட்டன. ஸ்டார் வேதமாக மதிக்கும் விமர்சகர், "இரண்டரை மணி நேரத்தில் நான் முகம் மலர்ந்தது ஒரே ஒரு முறை: இடைவேளை என்று எழுத்து வந்தபோது" என்று எழுதி ஒன்றரை ஸ்டார் போட்டிருந்தார். அந்த அரை ஸ்டாரும் கேமராமேனுக்காம்.

போஸ்டருக்கு முன்னால் நின்று நெட்டை சொன்னான்: "இவனுங்க மூஞ்சியப் பாத்தாலே சிரிப்பு வருதுடா. போய்த்தான் பாப்போமே."

"ஒன்றரை ஸ்டார்டா. நாய்கூடப் பாக்காது. இந்த மாசம் படம் கிடையாது, போ."

"ம்" என்றான் நெட்டை. பத்தொன்பது வருஷமாகக் கேட்ட அதே "ம்" என்று ஸ்டார் எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை கடையில் டீ வந்தது. நெட்டையிடம் டம்ளரை நீட்டினார்கள். அவன் அதை வாங்காமல், நெஞ்சில் கை வைத்து, கண்ணை அகல விரித்து, "எனக்கா?" என்று கேட்டான். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்த டிரைவர் கடைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வயது, சுருட்டை முடி, யாரைப் பார்த்தாலும் பல்.

"டீ உனக்கில்லாம வேற யாருக்கு?" என்றான் ஸ்டார்.

நெட்டையும் டிரைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை நெட்டைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லடா" என்றான் மூச்சு வாங்க. "நேத்து நாங்க படத்துக்குப் போனோம். அதுல ஒரு சீனு. சொன்னா வராது. பாத்தாத்தான்."

"எந்தப் படம்?"

"அந்தப் படந்தான்."

ஸ்டாருக்கு அந்த இடத்திலேயே வயிறு எரிந்தது. படத்துக்குப் போனதற்காக இல்லை. நெட்டையின் வாயில் "நாங்க" என்று வந்தால் அதில் ஸ்டார் இருப்பான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அப்படித்தான். இன்றைக்கு அந்த வார்த்தைக்குள் இன்னொருவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். டீ ஆறிப்போகும்வரை ஸ்டார் டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அதற்குப் பிறகு அந்த "எனக்கா?" கடையையே பிடித்துக்கொண்டது. பக்கத்து வண்டிக்காரன் ஹார்ன் அடித்தால் டிரைவர் நெஞ்சில் கை வைத்து, "எனக்கா?" போலீஸ்காரர் கை காட்டினால் "எனக்கா?" மூன்று பேர் உட்காரும் முன்சீட்டில் இருவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, ஜன்னலோரம் ஒருவன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாலு எழுத்து. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஸ்டார் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டான். கேட்கவும் மனம் வரவில்லை. கேட்டால் மறுபடியும் "பாத்தாத்தான்" என்பார்கள்.

அதனால் விமர்சனத்தைக் கையில் எடுத்தான். "அந்தப் படத்துல லாஜிக்கே இல்லையாம். திரைக்கதை நொண்டுதாம். நடிப்பு நாடகத்தனமாம்."

"ஆமாண்ணே" என்றான் டிரைவர், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே. "ஒரு லாஜிக்கும் கிடையாது. அதான் நல்லாருக்கு. நீங்களும் வாங்கண்ணே. இந்தப் புதனும் நாங்க மறுபடி போறோம்."

மறுபடியுமா! ஸ்டார் தேர்ந்தெடுத்த எந்தப் படத்தையும் நெட்டை இரண்டு தடவை பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் பாதிப் படங்களை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. டிரைவர் கெட்டவனாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். அவன் கூப்பிட்டது மனசாரக் கூப்பிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஸ்டாரின் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. நாளைக்கு இருநூறு பேரின் புலம்பலைக் கேட்டு, யாருக்கு என்ன வியாதி என்று டாக்டருக்கு முன்னால் தெரிந்துகொள்ளும் பெண். ஸ்டார் சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பற்றிக் கால் மணி நேரம் கரித்துக் கொட்டினான். மக்களின் ரசனை கெட்டுவிட்டது என்றான். நெட்டைக்கு ஏற்கெனவே புத்தி கொஞ்சம் மட்டு, இப்போது சேர்க்கையும் சரியில்லை என்றான்.

அவள் தட்டில் சாதத்தைப் போட்டாள். "உங்களுக்குப் பொறாமைங்க."

"எனக்கா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட வார்த்தை தன் காதில் விழுந்ததும் அவனுக்கு இன்னும் எரிந்தது. "ஒன்றரை ஸ்டார் படத்தைப் பாத்து நான் எதுக்குப் பொறாமைப்படணும்?"

"படத்தைப் பாத்து யாரு சொன்னா?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குத் தடுப்புக் கண்ணாடி. முதல் மாடி. நெட்டை முன்னால், ஸ்டார் பின்னால், டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு மேலே. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரே கண்ணாடியின் இரண்டு முனையைப் பிடித்தவர்களுக்குள் ரகசியம் கிடையாது. அந்த முனையில் இருப்பவனுக்குத் தோள் வலித்தால் இந்த முனைக்குத் தெரியும். பசித்தால் தெரியும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் நிச்சயம் தெரியும். நெட்டையின் அப்பா இறந்து, காரியம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டார் கண்ணாடி வழியாகவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

படியில் பாதி ஏறியிருப்பார்கள். வரவேற்பில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "பல்லு எடுக்கணுமா, அடைக்கணுமா?" என்று டிரைவரைக் கேட்டாள். டிரைவர் நெஞ்சில் கை வைத்தான். "எனக்கா?"

நெட்டை சிரித்தான். கையில் கண்ணாடியோடு சிரித்தான். சத்தம் வரவில்லை, ஆனால் அந்த முனையில் கிளம்பிய நடுக்கம் ஸ்டாரின் உள்ளங்கையில் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணாடி வழியாக வராத ஒன்று. முதல் தடவை வருகிறது, அதுவும் இன்னொருவனுக்காக. ஸ்டாருக்குக் கண்ணாடி விழுந்துவிடுமோ என்ற பயம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"எறக்குடா!" என்று கத்தினான். இறக்கினார்கள். ஒரு கீறல்கூட இல்லை. நெட்டை, "மன்னிச்சுக்கடா, தெரியாம வந்துருச்சு" என்றான். மன்னிக்கிற நிலையிலா இருந்தான் இவன்? நேரே முதலாளியம்மாவிடம் போனான்.

முதலாளியம்மா புடவைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். சட்டம், பாதுகாப்பு, கடையின் நல்ல பெயர் என்று ஸ்டார் அடுக்கினான். பொறாமை என்ற ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னான்.

"இப்ப என்ன செய்யணுங்கற?"

"ரெண்டு பேரையும் பிரிச்சு வைங்கம்மா. ஒருத்தர் இருக்கற எடத்துல இன்னொருத்தர் இருந்தா ஆபத்து." டிரைவரை வேறு வண்டிக்கு மாற்றுவார் என்பது அவன் கணக்கு.

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "பிரிக்கத்தான் வேணும், உன்னையும் நெட்டையையும். உனக்கும் முதுகு வலின்னு போன மாசம் நாலு நாள் லீவு போட்ட. நாளைலேருந்து நீ கட்டிங் டேபிளுக்கு வந்துரு. நெட்டைகூட டிரைவர் தூக்கட்டும், அவனுக்கும் தோள் இருக்கு. அவன் கையிலயும் கண்ணாடி இருந்தா நெஞ்சுல கை வைக்க முடியாது, ரெண்டு பேரும் வேலையப் பாப்பாங்க. சிரிச்சா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லிடறேன். போதுமா?"

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அம்மா, எனக்கு முதுகு வலி இல்லை, அந்தக் கண்ணாடியின் மறுமுனை இல்லாவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று சொல்ல முடியுமா? "போதும்மா" என்றான்.

வெளியே நெட்டை நின்றுகொண்டிருந்தான். "நீயா கேட்ட?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"ம்" என்றான் நெட்டை. இந்த "ம்" வேறு. இதை ஸ்டார் இதற்கு முன் கேட்டதில்லை.

கட்டிங் டேபிளில் ஏற்கெனவே ஒரு ஆள் உண்டு, எல்லோரும் மாமா என்று கூப்பிடுவார்கள். மாமா முழங்கால் வலியைப் பற்றிக் காலையில் ஆரம்பித்தால் மாலை வரை அந்த முழங்காலைத் தாண்ட மாட்டார். ஸ்டார் தலையை ஆட்டிக்கொண்டே வாசலைப் பார்ப்பான். அங்கே டிரைவர் வண்டியில் கண்ணாடி ஏற்றிக்கொண்டிருப்பான், ஸ்டார் நிற்க வேண்டிய இடத்தில் நின்று. முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு பிடிக்கிறான், மடையன். நெட்டை அவன் முழங்கையைத் தொட்டு உள்ளே தள்ளி, "இப்படிப் பிடிக்கணும்" என்று சொல்லிக் கொடுக்கிறான். அதட்டாமல், நிதானமாக. கையில் வைத்திருந்த கட்டரை ஸ்டார் கீழே வைத்துவிட்டான். கோடு கோணலாகப் போய்விடும் என்று அவனுக்கே பயமாகிவிட்டது.

புதன்கிழமை, முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தியேட்டருக்குப் போனான். ரசிக்கப் போகவில்லை. விமர்சனத்தை வெட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் வெறுப்பது பாதி வெறுப்பு; பார்த்துவிட்டு ஒவ்வொரு ஓட்டையாக எடுத்து நெட்டையின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்பது திட்டம்.

வழக்கம்போல ஓரத்து இருக்கைக்கு அடுத்ததில் உட்கார்ந்தான். ஓரம் நெட்டைக்கு, காலை நீட்ட வேண்டுமே. உட்கார்ந்த பிறகுதான் அது காலி என்று உறைத்தது. கையைக் கட்டிக்கொண்டு, படத்தை ஒரு கை பார்ப்பது என்று முறைத்தான். முதல் அரை மணி நேரம் எல்லாம் சரியாக நடந்தது. லாஜிக் இல்லை. திரைக்கதை நொண்டியது. ஸ்டாருக்குத் திருப்தி.

பிறகு மாடிப்படி வந்தது.

இரண்டு உதவாக்கரைகளும் முதலாளி வீட்டுக்கு ஒரு சோபாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள். ஒரு கதவு திறக்கிறது. பாதி முகம் நுரை, பாதி முகம் மழித்த ஒரு மனிதர், சோபாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் கேட்கிறார்: "எனக்கா?" "இல்ல சார், மேல." ஏறுகிறார்கள். மறுபடி ஒரு கதவு, அதே மனிதர், இப்போது முழுக்க மழித்தாகிவிட்டது. "எனக்கா?" "இல்ல சார், மேல." அந்தக் கட்டடத்தின் படிகள் அப்படி, எப்படி ஏறினாலும் அதே கதவுக்கு வந்து சேர்கிறது, அது மற்ற எல்லோருக்கும் தெரியும், இந்த இரண்டு பேருக்கும் மட்டும் தெரியவில்லை. மூன்றாவது தடவை அவர் டை கட்டியிருக்கிறார். நாலாவது தடவை ஆபீஸ் போய்விட்டுக் களைப்பாகத் திரும்பியிருக்கிறார். ஆறாவது தடவை கல்யாணம் ஆகி, மனைவியோடு நின்று கேட்கிறார். ஒன்பதாவது தடவை தலை நரைத்து, கையில் தடியோடு, குரல் நடுங்க: "எனக்கா?" சோபாவைப் பிடித்திருக்கும் இருவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொல்கிறார்கள்: "இல்ல சார், மேல."

மூன்றாவது தடவையிலேயே ஸ்டாரின் கட்டிய கை அவிழ்ந்துவிட்டது. ஆறாவதில் விக்கல் வந்தது. ஒன்பதாவதில் அவன் சிரித்த சிரிப்புக்குப் பின் வரிசையில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சிரித்துக்கொண்டே பக்கத்துத் தொடையில் ஓங்கித் தட்டக் கையை வீசினான். மடங்கிக் கிடந்த நாற்காலியின் விளிம்பில் விரல் இடித்தது. வலியில் உதறிக்கொண்டு மறுபடி சிரித்தான்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இதே இடத்தில், இதே காட்சியில், நெட்டை தட்டியிருப்பான். தட்டிய தொடை டிரைவருடையது. சிரிப்பு நின்றுவிட்டது. இவ்வளவு நல்ல சிரிப்பை எவனோ ஒருவன் நெட்டை பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். பையிலிருந்த விமர்சனத்தை எடுத்துக் கசக்கி நாற்காலிக்கு அடியில் போட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த விமர்சகரின் மேல் கோபம் வந்தது. இந்த ஆள் மட்டும் மூன்று ஸ்டார் போட்டிருந்தால்!

அடுத்த புதன்கிழமை பல் வலி என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனான். அன்றைக்கு இன்னும் அதிகமாகச் சிரித்தான்.

சட்டையைத் துவைக்க எடுத்த மனைவியின் கையில் இரண்டு டிக்கெட் சிக்கியது. "வெட்டாத முடியையும் பாத்தேன், வீங்காத பல்லையும் பாத்தேன்" என்றாள். "நல்லாருந்துச்சா?"

"...ம்."

"போய் நெட்டை அண்ணன்கிட்டச் சொல்லுங்க. பாதிப் பிரச்னை தீந்துரும்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்." சொன்னால் நெட்டை சிரிப்பான். டிரைவரும் சேர்ந்து சிரிப்பான். அண்ணே, நாய்கூடப் பாக்காதுன்னு சொன்னீங்களே என்பான், அதையும் அன்பாகவே கேட்டுத் தொலைப்பான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நடனப் பள்ளிக்குச் சுவர்க் கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடி, கடையிலேயே பெரியது. நாலாவது மாடி. லிப்டில் நுழையாது. படியோ குறுகல், ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். முதலாளியம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கட்டிங் டேபிளுக்கு வந்தார். "இதுக்குப் பழைய ஜோடிதான் சரி. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

காலை எட்டு மணி. டிரைவர் வண்டியோடு கீழே நின்றுகொண்டான். நெட்டை முன்னால், ஸ்டார் பின்னால். பதினாறு நாளுக்குப் பிறகு அந்த விளிம்பைத் தொட்ட ஸ்டார், பழைய இடத்தில் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பிடித்தான். "படி" என்பான் நெட்டை. "படி" என்று இவன் திருப்பிச் சொல்வான். "திரும்பு." "திரும்பறேன்." "மெல்ல." வேலைக்குத் தேவையான வார்த்தைகள் மட்டும். இப்படியே மூன்றாவது மாடிவரை வந்தார்கள்.

மூன்றாவது மாடியில் ஒரு கதவு திறந்தது.

பனியன் போட்ட ஒரு மனிதர். பாதி முகத்தில் நுரை. கையில் ரேசர். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர், வாசலில் தன்னையே முழு உயரத்துக்குப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் இயல்பாகக் கழுத்தை நீட்டி, தாடையைத் திருப்பி, மழித்தது சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். ஒரு இடத்தில் விட்டுப் போயிருந்தது, ரேசரால் ஒரு இழுப்பு இழுத்தார். பிறகுதான் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"எனக்கா?" என்று கேட்டார்.

நெட்டை அசையவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளியம்மா சொன்னது அவன் காதில் இருந்தது. கல் மாதிரி நின்று, கனமான குரலில், "இல்ல சார், மேல" என்றான்.

ஸ்டார் உதட்டைக் கடித்தான். இறந்துபோன மாமனாரை நினைத்தான். மாமாவின் முழங்காலை நினைத்தான். தனக்குத் தெரிந்த துக்கம் எல்லாவற்றையும் வரிசையாகக் கூப்பிட்டான். ஒன்றும் உதவிக்கு வரவில்லை. வயிற்றில் கிளம்பியது, தோளுக்கு ஏறியது, கைக்கு இறங்கியது. கண்ணாடிக்குள் நுரைமுகம் கிடுகிடுவென்று ஆடியது.

"எறக்கு" என்றான் நெட்டை.

படித் திருப்பத்தில் மெல்ல இறக்கினார்கள், சுவரில் சாய்த்தார்கள். நெட்டை திரும்பினான். "எதுக்குச் சிரிச்ச?"

"யாரு சிரிச்சா?"

"என் கைல வந்துச்சுடா."

"நுரையோட வந்து நின்னா சிரிப்பு வராதா?"

"நுரைக்கு வரல. ரேசர் போட்டாரே, அதுக்கும் வரல. அவர் கேட்டதுக்கப்புறந்தான் வந்துச்சு." நெட்டை ஒரு படி கீழே இறங்கினான். "நீ படம் பாத்துட்ட."

இனி மறைத்துப் பயனில்லை. ஸ்டார் தலையை ஆட்டினான். நெட்டை விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறான் என்று தயாராக நின்றான். ஆனால் நெட்டையின் முகம் சுருங்கிவிட்டது. காலையில் சாப்பிடாமல் வந்தவன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"எப்ப?"

"போன புதன். அதுக்கு முந்தின புதனும்."

"ரெண்டு தடவையா? யாரு கூட?"

"தனியாத்தான்."

"பொய் சொல்லாத. யாரு கூட?"

"சத்தியமா தனியாத்தாண்டா!"

"அந்த மாமாகூடத்தான போன? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நாள் பூரா அந்தாளு பேசறான், நீ தலையத் தலைய ஆட்டற. வண்டில ஏத்தும்போதெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்கூட இருக்கும்போது நான் பேசுனா ஒரு நாளாவது இப்படி ஆட்டிருக்கியா?"

"அவருக்கு முழங்கால் வலிடா!"

"எனக்கும்தான் வலிக்குது. நீ கேட்டியா?" நெட்டையின் குரல் படிக்கட்டில் எதிரொலித்தது. "போஸ்டர் முன்னாடி நின்னு உன்னத்தான்டா கூப்பிட்டேன். நாய்கூடப் பாக்காதுன்ன. சரி, பிடிக்கல போலன்னு விட்டேன். இப்ப நான் இல்லாம ரெண்டு வாட்டி போயிட்டு வந்துருக்க. உன்னோட எல்லாப் படத்துக்கும் நான் வந்தேன். தூங்குனாலும் உன் பக்கத்துல உக்காந்துதானடா தூங்குனேன்!"

ஸ்டார் நிமிர்ந்து பார்த்தான். நெட்டைக்குக் காது சிவந்திருந்தது. மூக்கு விடைத்திருந்தது. அந்த முகத்தை ஸ்டாருக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரமாகத் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்த முகம் அது. அது இப்போது நெட்டையிடம் இருக்கிறது. தனக்காக இருக்கிறது. அவன் மனசு ஐஸ்கிரீம் சாப்பிட்ட மாதிரி குளிர்ந்துபோனது. இப்படிச் சந்தோஷப்படுவது பாவம் என்றுகூடத் தோன்றியது, அப்படியும் நிற்கவில்லை.

"நான் உள்ள போலாமா?" என்று கேட்டார் நுரைக்காரர். யாரும் பதில் சொல்லாததால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடி நாலாவது மாடி ஏறியது, சுவரில் பொருந்தியது. நெட்டை "படி" என்றதும் "திரும்பு" என்றதும் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே வந்ததும், டிரைவர், "நல்லபடியா முடிஞ்சுதாண்ணே?" என்று கேட்டதற்கு நெட்டை வண்டிக் கதவை அறைந்து சாத்தினான். கடைக்கு வந்த நெட்டை நேரே முதலாளியம்மாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். ஸ்டார் பயந்துகொண்டே பின்னால் போனான். கண்ணாடி கையில் இருக்கும்போது சிரித்தவன் தான்தான். நெட்டை அதைச் சொல்லிவிட்டால் கட்டிங் டேபிள்கூட மிஞ்சாது.

"அம்மா, நாளைலேருந்து இவன் என்கூடத்தான் தூக்கணும். டிரைவர் வண்டி ஓட்டட்டும்."

"ஏன்? என்னாச்சு?"

"இவனத் தனியா விட்டா சரிப்படாதும்மா. யாரு யாருகூடவோ படத்துக்குப் போறான். நான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது சரி. ஆனா ரெண்டு பேரும் சிரிக்காம தூக்குவீங்களா?"

"நான் இவன்கூடப் பேசறதே இல்லைம்மா" என்றான் நெட்டை, ஸ்டார் பக்கம் திரும்பாமலே. "அப்புறம் எங்கேருந்து சிரிக்கிறது?"

ஸ்டார் தலையைக் குனிந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நெட்டை இந்தக் கோபத்தை இன்னும் பத்து நாளைக்காவது வைத்திருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.